லைன் டூவில் எந்தப் பீட்டர்சன்?

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை எட்டேகால் மணிக்கு, "பீட்டர்சன், லைன் டூ" என்று மைக்கில் ஒரே ஒரு முறை சொன்னேன். ஐந்து பேர் போனை எடுத்தார்கள். லைனில் காத்திருந்த கஸ்டமர் ஐந்து ஹலோவையும் கேட்டுவிட்டு, "இது என்ன, மீட்டிங்கா?" என்றார்.

இது நடந்தது தொண்ணூற்றாறில், சான்டா கிளாராவில். சர்க்யூட் போர்டுகளை டெஸ்ட் பண்ணும் மெஷின்கள் செய்கிற சின்னக் கம்பெனி. எண்பது பேர் வேலை செய்தார்கள். வாசலில் ரிசப்ஷன் மேஜை, அதன்மேல் வரிசையாகப் பட்டன் வைத்த ஸ்விட்ச்போர்டு. வெளியிலிருந்து மெயின் நம்பருக்கு வருகிற கால் எல்லாம் அதில்தான் விழும். யாருக்கு என்று கேட்டு, அவருடைய எக்ஸ்டென்ஷனுக்கு மாற்ற வேண்டும். ஆள் இடத்தில் இல்லையென்றால் கூரை ஸ்பீக்கரில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்குப் பேஜ் பண்ணுவது என்று பெயர்.

அதற்கு முன் இரண்டு வருஷம் டிபென்டன்ட் விசாவில் அபார்ட்மென்ட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். வேலை செய்ய அனுமதி கிடையாது. தபால் பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தரம் திறந்து பார்ப்பதுதான் வேலை. கிரீன் கார்டு வந்த மூன்றாவது வாரம் இந்த இடம் கிடைத்தது. மூன்று மாதம் ப்ரொபேஷன். அதற்குள் சொதப்பினால் மறுபடியும் தபால் பெட்டிதான்.

முதலாளி ராய் பீட்டர்சன் மினசோட்டாக்காரர். தன் ஊர்ப் பக்கத்து ஆட்களாகப் பார்த்து வேலைக்கு வைத்திருந்தார். அந்தப் பக்கம் ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஏராளம். விளைவு, ஒரே கூரையின்கீழ் ஐந்து பீட்டர்சன்கள். முதலாளி ராய். ஷிப்பிங் சூப்பர்வைசர் கார்ல். ஹெச்.ஆர். மேனேஜர் கேரல், இவர் பெண்மணி. மெஷின் ஷாப்பில் அண்ணன் தம்பி இருவர். போனில் கார்ல் என்றாலும் கேரல் என்றாலும் என் காதுக்கு ஒன்றுதான்.

ஃபாரம் நிரப்ப கேரல் அறைக்குப் போனேன்.

"லாஸ்ட் நேம்?"

"ரவிச்சந்திரன்."

"அப்போ உங்க ஹஸ்பண்ட் மிஸ்டர் ரவிச்சந்திரன்."

"அவர் பேரே ரவிச்சந்திரன். அவரோட லாஸ்ட் நேம் சுப்ரமணியம்."

"சுப்ரமணியம் யாரு?"

"அவரோட அப்பா."

"அந்த அப்பாவோட லாஸ்ட் நேம்?"

"அவருக்கு லாஸ்ட் நேம் கிடையாது. இனிஷியல்தான்."

கேரல் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாகி, "நீங்க இன்னும் அதைச் செய்றீங்களா? எங்க முப்பாட்டன் காலத்துல நாங்களும் அப்படித்தான்" என்றார். பீட்டரின் மகன் பீட்டர்சன். அந்த மகன் பெயர் ஹான்ஸ் என்றால், அவனுடைய மகன் ஹான்சன். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிக்கொண்டே போகும். அமெரிக்காவில் கப்பல் இறங்கியதும் யார் எந்தப் பெயரோடு இறங்கினாரோ அதுவே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு கோமதி, எங்களை எல்லாம் ஒண்ணாச் சேர்த்துடாதே" என்றார். "ராய் எஸ்-ஓ-என், ஸ்வீடிஷ். கார்ல் எஸ்-ஈ-என், டேனிஷ். நான் நார்வீஜியன், எனக்கு நடுவுல 'டி' கிடையாது, 'டி' தான்."

இரண்டு 'டி'க்கும் என்ன வித்தியாசம் என்று அவர் எழுதிக் காட்டிய பிறகுதான் புரிந்தது. முதலாவது டீக்கடை டி. இரண்டாவது டில்லி டி என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் அமெரிக்கர்கள் வாயில் இரண்டும் டில்லிதான். எழுதினால் மூன்று பெயர், சொன்னால் ஒரே பெயர். என் வேலையோ காதால் செய்கிற வேலை.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர், "ஊர்ல பீட்டர் விடுறவங்களைக் கண்டாலே உனக்கு ஆகாது. இப்போ பீட்டர் பசங்க அஞ்சு பேரைக் கட்டி மேய்க்கணுமா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2. மீசை வைத்தவரா?

முதல் இரண்டு வாரத்தில் நான் செய்தவற்றில் சில: கேரலுக்கு வந்த பூங்கொத்தை கார்லுக்கு அனுப்பினேன். அவர் அதை நாள் முழுக்க மேஜைமேல் வைத்துக்கொண்டு, யார் அனுப்பியிருப்பார்கள் என்று யோசித்திருக்கிறார். ராய்க்கு வந்த பாங்க் மேனேஜரை மெஷின் ஷாப் அண்ணனிடம் கொடுத்தேன். தம்பியின் மனைவியை ராயிடம் கொடுத்தேன். அந்த அம்மாள் எடுத்த எடுப்பில், "பால் வாங்காம வீட்டுக்கு வந்துடாதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். திருநெல்வேலியில் எங்கள் தெருவில் மூன்று சங்கரன்கள். ரேஷன்கடை சங்கரன், நெட்டை சங்கரன், கோள்மூட்டி சங்கரன். யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. அதே முறையில் ஒரு பட்டியல் தமிழில் எழுதி, மேஜைக் கண்ணாடியின் அடியில் செருகினேன்.

மீசை: கார்ல். வளையல்: கேரல். குண்டு, ஒல்லி: அண்ணன், தம்பி. சிடுமூஞ்சி: ராய். ஒவ்வொன்றுக்கும் எதிரே எக்ஸ்டென்ஷன்.

யாராவது வெறுமனே "பீட்டர்சன்" என்று கேட்டால் முதல் பெயர் என்ன என்று கேட்பேன். தெரியாது என்றால், "மீசை வெச்சவரா?" என்று கேட்பேன். பாதிப் பேருக்கு அதிலேயே ஆள் பிடிபட்டுவிடும். ஒரு மாதம் தப்பே இல்லாமல் ஓடியது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது.

அந்தத் தலைக்கனத்தில்தான் ஒரு பெரிய கஸ்டமரிடம் வாய் தவறியது. முதல் பெயர் தெரியவில்லை, மீசையும் இல்லை, பெண்ணும் இல்லை என்றார். பட்டியலைப் பார்த்தபடியே, "அப்போ எப்பவும் கோவமா இருப்பாரே, அவரா?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. நிற்கவே இல்லை. "அவரேதான் மேடம், அவரேதான்."

மறுநாள் கேரல் கூப்பிட்டனுப்பினார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது.

"கோமதி, ஒருத்தரோட உருவத்தைப் பத்தியோ குணத்தைப் பத்தியோ கஸ்டமர் கிட்ட கேக்கக் கூடாது. இந்த ஊர்ல அதுக்கெல்லாம் கேஸ் போடுவாங்க. ரொம்பக் கேள்வி கேக்காம, நீயே யூகிச்சு கனெக்ட் பண்ணு."

சரி என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து யாரிடமும் எதையும் கேட்க நாக்கு எழவில்லை. முதல் பெயரைக்கூட.

3. பதினொரு நிமிஷம்

அடுத்த வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கால். அதிகாரமான ஆண் குரல்.

"பீட்டர்சன். சீக்கிரம். நான் ஃப்ரீவேல இருக்கேன், செல்போன்ல பேட்டரி கொஞ்சம்தான் இருக்கு."

எந்தப் பீட்டர்சன் என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பின்னால் பெரிய டிரக் ஒன்றின் ஹார்ன் கேட்டது. டிரக் என்றால் ஷிப்பிங். கார்லுக்குப் போட்டேன்.

கார்ல் பேச்சில் மகா சிக்கனம். எது கேட்டாலும் "யெப்" என்பார். ஸ்விட்ச்போர்டில் அவருடைய லைன் விளக்கு அரை நிமிஷத்துக்கு மேல் எரிந்து நான் பார்த்ததே இல்லை. அன்று அந்தச் சிவப்பு விளக்கு பதினொரு நிமிஷம் எரிந்தது.

விளக்கு அணைந்ததும் கார்ல் என் மேஜைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கோமதி, அந்தக் கால் யாருக்கு?"

"பீட்டர்சனுக்கு சார்."

"எந்தப் பீட்டர்சனுக்கு?"

அவரே சொன்னார். கார்ல் அத்தனை வாக்கியங்கள் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"ராய் இந்தக் கம்பெனியை விக்கப் போறார். பேசினது வாங்கப் போறவங்களோட ஆள். இன்ஜினியருங்களை மட்டும் வெச்சுக்குவாங்களாம். ஷிப்பிங்கும் மெஷின் ஷாப்பும் வேண்டாமாம். அந்த இருபத்தாறு பேருக்கும் மாசக் கடைசி வெள்ளிக்கிழமை சொன்னா போதும், அது வரைக்கும் மூச்சு விடாதேன்னான்."

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"யெப்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?"

நேராக ராயின் அறைக்குப் போனார். கண்ணாடிக் கதவு சாத்தியது. உள்ளே ராய் எழுந்து நின்று கத்துவதும், கார்ல் கையைக் கட்டிக்கொண்டு நகராமல் நிற்பதும் தெரிந்தது. வேலை போய்விட்டது என்று முடிவு செய்து, மேஜையில் இருந்த என் கைப்பையையும் ஊறுகாய் பாட்டிலையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

4. பழைய மொழி

கதவு திறந்தது. ராய் வேகமாக வந்தார், பின்னால் கார்ல், சத்தம் கேட்டு எங்கிருந்தோ கேரல்.

"அந்தக் காலை எதை வெச்சு கார்லுக்குக் கொடுத்தே?" என்றார் ராய். அவர் கண் கண்ணாடிக்கு அடியில் இருந்த பட்டியலில் விழுந்தது. "இது என்ன?"

"எக்ஸ்டென்ஷன் லிஸ்ட் சார்."

"என்ன எழுதியிருக்கு?"

நான் பட்டியலைக் கையால் மறைக்கப் பார்த்தேன். ராய் சுற்றிப் பார்த்தார். காபி கோப்பையோடு அந்தப் பக்கம் போன சேகர் அகப்பட்டார். கம்பெனியில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழர், டெஸ்ட் இன்ஜினியர். அவருடைய கிரீன் கார்டு பேப்பர்கள் ராயின் கையெழுத்துக்காக அந்த அறைக்குள் மேஜைமேல் கிடந்தன. பாவம்.

"சேகர், இதைப் படிச்சு சொல்லு."

சேகர் குனிந்து பார்த்தார். நிமிரும்போது அவர் நெற்றியில் வேர்வை. "என்னக்கா இது, இதையெல்லாமா எழுதி வெப்பாங்க?" என்று தமிழில் முனகினார்.

"முதல் வரி?"

"மீசை, சார்."

"இது?"

"நகை அணிகிற பெண்மணி."

"குண்டு, ஒல்லி" என்பதை "ஆரோக்கியமானவர், இன்னொரு விதத்தில் ஆரோக்கியமானவர்" என்று மொழிபெயர்த்தார். ராயின் விரல் கடைசி வரிக்கு வந்தது. தன் எக்ஸ்டென்ஷன் அவருக்குத் தெரியாதா?

"இது?"

சேகர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"பெரிய பொறுப்புகளை எல்லாம் முகத்தில் சுமக்கிற தலைவர், சார்."

"இவ்வளவும் ஒரே வார்த்தையிலா?"

"தமிழ் ரொம்பப் பழைய மொழி சார்."

ராய் சேகரை உற்றுப் பார்த்தார். "அப்படின்னா போன வாரம் என் கஸ்டமர் போன் பண்ணி, 'எப்பவும் கோவமா இருக்கிற பீட்டர்சனா?'ன்னு என்னைக் கேட்டாரே, அது எந்த வார்த்தை?"

சேகர் காபியைப் பார்த்தார். கேரல் தரையைப் பார்த்தார். முதலில் சிரித்தது கார்ல்தான். மீசைக்கு அடியில் ஒரு சத்தம் வந்தது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கேரலுக்கும் தொற்றிக்கொண்டது. ராய் சிரிக்கவில்லை. ஆனால் கத்தவும் இல்லை. என் மேஜை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்குக் கேட்டியே, இன்னைக்கு ஏன் கேக்கலை?" என்றார் என்னிடம்.

"கேக்கக் கூடாதுன்னு சொன்னாங்க சார்."

"நான்தான் சொன்னேன்" என்றார் கேரல் மெதுவாக.

ராய் கார்லைப் பார்த்து, "மூணு வாரமா எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன். உன் கல்யாணத்துல நான் மாப்பிள்ளைத் தோழன்டா" என்றார்.

"கோமதி, எல்லாரையும் பேஜ் பண்ணு. சரக்கு ஏத்துற ஷிப்பிங் பேல வந்து நிக்கச் சொல்லு."

"எல்லா பீட்டர்சன்களையுமா சார்?"

"எல்லாரையும்."

அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று ராய் எண்பது பேருக்கும் விஷயத்தைச் சொன்னார். நன்றாகப் பேசவில்லை. மூக்கை இரண்டு தரம் துடைத்துக்கொண்டார். சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள், நின்று கேட்டுக்கொண்டார். நானும் பின்வரிசையில் நின்றேன். முன்பக்கம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க யாரும் இல்லை.

5. பிறகு

கம்பெனி விற்கப்படுவது நிற்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன்பே தெரிந்துவிட்டதால் பேச நேரம் கிடைத்தது. கம்பெனியை வாங்குகிறவர்கள் மெஷின் ஷாப்பையும் எடுத்துக்கொள்ளும்படி ராய் சண்டை போட்டுச் சாதித்தார். ஷிப்பிங்கை அவரால் காப்பாற்ற முடியவில்லை. கார்ல் ஃப்ரீமான்ட்டில் ஒரு வேர்ஹவுஸில் சேர்ந்து, தன் ஆட்களில் ஐந்து பேரைக் கூட அழைத்துக்கொண்டு போனார். மற்ற மூவர் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. சேகரின் பேப்பர்களில் ராய், எல்லாரையும் கூப்பிட்டுப் பேசிய அன்று மாலையே கையெழுத்துப் போட்டார். சேகர் அதற்குப் பிறகு ஆறு மாதம் என் மேஜைப் பக்கம் காபியோடு வரவில்லை.

என் ப்ரொபேஷனை கேரல் முடித்து வைத்தார். முதல் பெயரும் டிபார்ட்மென்டும் கேட்கலாம், மீசை கேட்கக் கூடாது என்று ஒப்பந்தம்.

இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலையில் இருந்துவிட்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். தெரியாவிட்டால் கேளுங்கள். ஒருமுறை திட்டு வாங்கியதற்காகக் கேட்பதை நிறுத்தாதீர்கள். அன்று நான் ஒரு கேள்வியை விழுங்கியதால் பிறத்தியாரின் ரகசியம் ஒன்று தவறான மேஜைக்குப் போனது. அதனால் இருபத்தாறு பேருக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது தற்செயல். அந்தத் தற்செயலை என் திறமையாகக் கணக்கு வைத்துக்கொள்ள நான் என்றும் துணியவில்லை.

அடுத்த கம்பெனியில் சேர்ந்தபோது முதல் மூன்று நாளும் மாடி மாடியாக ஏறி இறங்கி, ஒவ்வொருவர் மேஜையிலும் நின்று, எப்படிக் கூப்பிட வேண்டும், எந்த மாதிரிக் கால்கள் வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். என் சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை.

"உன்னை போன் எடுக்கத்தானே வேலைக்கு வெச்சோம்?"

"எடுக்கறது சுலபம் சார்" என்றேன். "கொடுக்கறதுக்குத்தான் ஆளைத் தெரிஞ்சிருக்கணும்."