கோலத்துக்கு அடியில் ஒரு கார்

அர்த்தநாரி அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது என் முகத்தில் வலது பாதிக்குத்தான் சவரம் ஆகியிருந்தது. சலூன் வாசலில் சைக்கிளை நிறுத்திய ரிக் லாரி டிரைவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "டைப்பு வாத்தியாருங்களா? நம்ம மேஸ்திரி காலம்பற தவறிட்டாருங்க" என்றார். நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு அப்படியே எழுந்து போனேன். சாவு வீட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. என் இடது கன்னத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கேட்டிருக்கக்கூடிய மனிதர் கூடத்தில் படுத்திருந்தார். உயிரோடு இருந்திருந்தால் துக்கமாவது ஒன்றாவது, "ஏனுங்க வாத்தியாரே, மத்தப் பாதி என்னாச்சுங்க?" என்று கேட்டு, முழுக்காரணமும் தெரியும்வரை என்னை விட்டிருக்கமாட்டார்.

திருச்செங்கோட்டில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் லாரி எஞ்சின் மேஸ்திரி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி எந்த மாநிலத்தில் மூச்சை நிறுத்தினாலும் கடைசியில் அவர் பட்டறைக்குத்தான் இழுத்துக்கொண்டு வருவார்கள். நான் எதிர்ச்சாரியில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் வைத்திருப்பவன். அவர் சுத்தியல் போடும் தாளத்துக்குத்தான் என் மாணவர்கள் தட்டிப் பழகினார்கள். பட்டறைக்கு விடுமுறை என்றால் என் நிலையத்தில் வேகம் குறைந்துவிடும். இதை நான் பரீட்சை நடத்துகிறவர்களிடம் சொல்லியதில்லை.

எல்லாரும் பார்க்கிற இடத்தை அவர் பார்க்கமாட்டார். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் மண்டபமே மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பின்கட்டில் ஜெனரேட்டர் முன்னால் குந்தியிருந்தார். "அது மூணாவது மூச்சுக்கு ஒருக்கா விக்குதுங்க. ஏன்னு பாக்க வேண்டாமா?" என்றார். அது அவருடைய சொந்த மச்சினன் கல்யாணம். அண்ணிக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சாவன்று அவர் வைத்த ஒப்பாரியில்கூட ஜெனரேட்டர் வந்தது.

இந்த மனிதருக்குக் கார் பந்தயப் பைத்தியம் பிடித்தது சேலம் பஷீர் பாயால். செவ்வாய்ப்பேட்டையில் இரும்புக்கடை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது எறும்புக்கும் வழிவிடுகிற சாது. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் ஆளே வேறு. சென்னைக்கு வடக்கே ஒரு பழைய விமானத் தளத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பந்தயம் நடக்கும். அதில் சாதாரணக் கார்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. ஊர் டாக்டர்கள் ஓட்டுகிற அதே கார்தான். பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, எஞ்சினைத் தேற்றி ஓட்டவேண்டும். பாய் ஓட்டுவார், மேஸ்திரி தேற்றுவார். எழுபதுகள் முழுக்க ஒரு வருஷம் தவறாமல் பச்சைக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் வந்தார்கள். ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை. கேட்டதும் இல்லை. நான் சைக்கிளிலேயே இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவன்.

போய்விட்டு வரும் ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரே குறை. மெக்கானிக்குகள் நிற்கிற இடத்திலிருந்து நேர்ச்சாலை ஒன்றுதான் தெரியும். கார் கண்முன்னால் சீறிப் போகும், பிறகு ஒன்றரை நிமிஷம் காணாமல் போகும், பிறகு வரும். அந்த ஒன்றரை நிமிஷத்தில், அந்தப் பக்கத்துப் பெரிய வளைவில், என்ன நடக்கிறது? பாயைக் கேட்டால், "ஓட்டினேன் மேஸ்திரி, வேற என்ன" என்பார். பத்து வருஷமாக இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படித் தூங்குவார்?

அப்புறம் நம் பக்கம் டி.வி. தெரிய ஆரம்பித்தது. அந்த வருஷப் பந்தயத்தை நேரடியாகக் காட்டப்போகிறார்கள் என்று அறிவித்தார்கள். மேஸ்திரி பாயிடம் சொன்னது இது: "இந்த வருசம் நான் வரலீங்க பாய். அங்க வந்தா ஒரு ரோடுதான் தெரியும். இங்க உக்காந்தா சுத்திப் பூராவும் தெரியுமுங்க." பாய் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். வேறொரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் அன்றைக்கு, மேஸ்திரி செய்தது புத்திசாலித்தனம் என்றே நினைத்தேன். என் நினைப்புகளின் தரம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் டி.வி.யை வைத்தார். படம் புழுப்புழுவாக நெளிந்தது. ரிப்பேருக்கு வந்திருந்த ரிக் லாரியின் இரும்புக் கோபுரத்தைத் தூக்கி நிறுத்தி, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார். கொஞ்ச நேரத்தில் ரிக்கின் சொந்தக்காரர் வந்து, வேலை முடிந்துவிட்டதே, வண்டியைக் கொடுங்கள், போர் போடுகிற வயல்காட்டில் ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள் என்றார். "தண்ணி இத்தன வருசம் அடியிலயேதானுங்க இருக்குது, எங்கயும் போவாது. உக்காருங்க" என்றார் மேஸ்திரி. அவரும் உட்கார்ந்தார்.

பந்தயம் கிளம்பியது. பச்சைக் கார் மூன்றாவது சுற்றில் நாலாவதாக வந்தது. பட்டறையே எழுந்து நின்றது. அதோடு சரி. கேமரா முதலாவதாக ஓடிய நீலக் காரைப் பிடித்துக்கொண்டது. அது தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் தூசி, தூசிக்குள் எங்கள் கார். "முன்னால ஓடறவனுக்கு என்னங்க சோலி? அவனுக்குக் காத்துதான் தொணை. சோலியெல்லாம் பின்னாலதான் நடக்குது" என்று மேஸ்திரி முனகினார். அடுத்தது, தாமதமாக வந்த சிறப்பு விருந்தினருக்கு மாலை போட்டார்கள். அவர் உட்கார்ந்தார். அவருக்கு ஜூஸ் வந்தது. அதை அவர் உறிஞ்சி முடிக்கும்வரை கேமரா நகரவில்லை. பிறகு ஒரு தொப்பி அணிந்த அம்மாள், ஒரு பலூன், மறுபடி விருந்தினர். வர்ணனையாளர் ஆங்கிலத்தில் விருந்தினர் எங்கே படித்தார் என்று விளக்கினார்.

அப்போது மேஸ்திரி ஒரு காரியம் செய்தார். டி.வி.க்கு முன்னால் கழுத்தை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்து, திரையின் வலது ஓரத்துக்கு அப்பால் பார்க்க முயன்றார். சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பது போல. அவரைப் பார்த்து அத்தனை பேரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள், ரிக் முதலாளி உட்பட. நானும் சாய்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. "அந்த ஆளு கொஞ்ச நேரம் வாய மூடினா, எஞ்சின் என்ன சொல்லுதுன்னாவது கேக்கலாமுங்க" என்றார். அந்த ஆள் மூடவில்லை. என் கைக்கடிகாரப்படி நாலு நிமிஷம். கேமரா திரும்பி வந்தபோது பச்சைக் கார் ஒன்பதாவதாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாவதாகவே முடித்தது.

மறுநாள் பாய் லாரியோடு வந்து இறங்கினார். "வளைவு தாண்டி ஆக்சிலேட்டரை மிதிச்சேன் மேஸ்திரி. வண்டி இழுக்கலை" என்றார்.

மேஸ்திரி துணியில் கையைத் துடைத்தபடி, "இழுக்கற வண்டிங்க அது. நீங்க வளைவுல பயந்துட்டு பிரேக்கு மிதிச்சிருப்பீங்க" என்றார்.

இருபது வருஷ டிரைவரைப் பயந்தவன் என்பதும், இருபது வருஷ மெக்கானிக்கின் எஞ்சினை இழுக்கவில்லை என்பதும், அதுவும் பட்டறை நிறைய ஆட்கள் நிற்கும்போது, எப்படிப்பட்ட பேச்சு என்று உங்களுக்குத் தெரியும். பாய் கத்தவில்லை. "கூட வந்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நீங்கதான் டி.வி. பார்த்தீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு, காரை இறக்காமலே சேலத்துக்குத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது.

யார் சொன்னது சரி என்பது அந்த நாலு நிமிஷத்தில் இருக்கிறது. மேஸ்திரிக்கு அது வேண்டும். டி.வி. நிலையத்துக்குக் கடுதாசி எழுதுவோம் என்றார். அவர் சொல்லச் சொல்ல, கார்பன் வைத்து நான் அடித்தேன். 'ஐயா, முதலில் ஓடுபவரை ஒருமுறை காட்டினால் போதும். நாலாவது முதல் பத்தாவது வரை ஓடுகிறவர்கள் வீட்டிலும் டி.வி. உள்ளது. விருந்தினர் ஜூஸ் குடிப்பதை, பந்தயம் முடிந்தபின் அவர் சம்மதித்தால் மறுபடி குடிக்கச் சொல்லிக் காட்டலாம். விடுபட்ட நாலு நிமிஷத்தை அனுப்பி உதவவும்.' இடையில் என் சொந்தச் சரக்காக இரண்டு அலங்கார வாக்கியம் சேர்த்தேன். அவர் படித்துப் பார்த்து, அதைத்தான் முதலில் அடிக்கச் சொன்னார். அடிக்கவென்றால் கோடு போட்டு அடிக்க.

இரண்டு மாதம் கழித்து நிலையத்திலிருந்து ஓர் அச்சடித்த அட்டை வந்தது. நிலக்கடலைப் பூச்சிக்கு மருந்து தெளிப்பது பற்றிய நிகழ்ச்சி குறித்துத் தாங்கள் எழுதிய மேலான கருத்துக்கு நன்றி. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். "அப்ப நமக்கு வரவேண்டிய பதிலு எங்கியோ ஒரு கடலைக்காரருக்குப் போயிருக்குமுங்க. பாவம், அதப் படிச்சிட்டு அவரு என்ன பண்ணினாரோ."

பொங்கல் கழிந்ததும் இருவரும் சென்னைக்கே போனோம். கட்டுச்சோறும் கார்பன் நகலுமாக நிலையத்து வாசலில் அரைநாள் நின்றபின் உள்ளே விட்டார்கள். வீடியோ நாடா அறையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார். பெரிய வளைவில் ஒரு கேமரா நின்றது உண்மைதான், ஆனால் ஒளிபரப்பில் போனதைத்தான் பதிவு செய்வோம், அந்தக் கேமரா பார்த்ததை யாரும் எடுத்துவைக்கவில்லை என்றார். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, ஒளிபரப்பான நாடாவும் இல்லை, நாடாத் தட்டுப்பாடு, அழித்துவிட்டு மேலேயே வேறொன்று எடுத்தாகிவிட்டது என்றார்.

வேறு யாராக இருந்தாலும் கும்பிடு போட்டு எழுந்திருப்பார்கள். இவர், "அதுக்கு மேல என்னங்கம்மா எடுத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"மார்கழிக் கோலப் போட்டி."

"அதக் கொஞ்சம் காட்டறீங்களா?"

அந்த அம்மாளுக்கு இவர் மேல் என்ன தோன்றியதோ, போட்டுக் காட்டினார். மேஸ்திரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து அரைமணி நேரக் கோலப் போட்டியைக் கண்கொட்டாமல் பார்த்தார். என் கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டார். பதினோராவது நிமிஷம் என் முழங்கையை இடித்து, "இங்கதானுங்க நம்ம வண்டி காணாமப் போச்சு" என்று மெல்லச் சொன்னார். திரையில் ஒரு பெண் புள்ளிகளைச் சுற்றி இழை இழுத்துக்கொண்டிருந்தாள். கேமரா அவள் விரல்கூடவே போயிற்று. ஒரு திருப்பம் முடிந்ததும் அடுத்த திருப்பம். நாலு நிமிஷம் ஆனதும் மேஸ்திரி நிமிர்ந்து பெருமூச்சு விட்டார். "ஒரு வளைவு உடாமக் காட்டியிருக்காங்க, பாத்தீங்களா" என்றார். அதில் கோபம் இருந்ததா வியப்பு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

திரும்பும்போது சேலத்தில் இறங்கி நேரே செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பாய் கல்லாவில் இருந்தார். கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்குப் பிறகு மேஸ்திரி பேசிய முதல் பேச்சு: "பாய், அதுக்கு மேல கோலம் போட்டுட்டாங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் நாடா விஷயத்தை விளக்கினேன். டீக்குச் சொல்லி அனுப்பினார். டீ வந்து பாதி குடித்தபின், "கோலம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"வளைவெல்லாம் நல்லா எடுத்தாங்க பாய். ஒண்ணுலயும் பிரேக்கு இல்லீங்க."

பாய்க்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. மேஸ்திரிதான் தலையில் தட்டினார். அடுத்த பந்தயத்துக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். காரைக் கிளப்பிவிட்டதும் மேஸ்திரி மெக்கானிக்குகள் நிற்கிற இடத்தை விட்டு, வெயிலில் நடந்துபோய்ப் பெரிய வளைவில் நின்றுகொண்டார். சாகும்வரை எங்களுக்கு அந்த வளைவைப் பற்றி அலுக்காமல் சொன்னார். இழுத்ததா, மிதித்தாரா என்ற வழக்கு மட்டும் முடியவேயில்லை. அவர்கள் சந்திக்கும்போதெல்லாம் டீக்கு முன்னால் கொஞ்சம், டீக்குப் பின்னால் கொஞ்சம் நடக்கும்.

சாவன்று பாய் மதியத்துக்குமேல் வந்தார். தலைமாட்டில் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாத்தியாரே, நான் பிரேக் மிதிக்கலை. வண்டிதான் இழுக்கலை" என்றார். சாவு வீட்டில் இப்படியா என்று எனக்குச் சுருக்கென்றது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்துக் குரல் இறங்கிவிட்டது. "மிதிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியாது வாத்தியாரே. ஒரே தூசி. அவரு அன்னிக்கு வந்து நின்னிருந்தா பார்த்துச் சொல்லியிருப்பாரு. அதுதான் எனக்குக் கோபம், வேற ஒண்ணும் இல்லை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் என் முகத்தை அப்போதுதான் பார்த்தார். "மத்தப் பாதி என்னாச்சு?" என்றார். அங்கிருந்த அத்தனை பேரில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். முழுக்கதையையும் சொன்னேன். முடியும்வரை கேட்டார்.

கார்பன் நகலும் கடலைப் பூச்சி அட்டையும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். மற்றபடி அவரிடமிருந்து எனக்கு வந்தது ஒன்றே ஒன்று. டி.வி.யில் யாருக்காவது மாலை விழும்போது என் கழுத்து தானாக இடப்பக்கம் சாய்கிறது. என் மனைவி, சுளுக்கா என்று கேட்கிறாள். இல்லை என்கிறேன். அந்த ஓரத்துக்கு அப்பால் ஒன்பதாவதாக ஒருவர் ஓடிக்கொண்டிருப்பார், அவருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிறேன்.