ஓடு கரைந்த அர்ச்சின்

1

பி.எஸ்ஸி. விலங்கியல் பிராக்டிகல் தேர்வு அன்று பதினைந்தாம் நம்பர் மேஜையில் நான் வைத்த பாட்டிலில் இருந்தது ஒரு கடல் முள்ளெலி. லேபில் நாங்கள் அர்ச்சின் என்போம். பாட்டிலில் இருப்பது எந்த உயிரி என்று மாணவர்கள் பார்த்து எழுத வேண்டும். அதன் முட்கள் போய்விட்டன. ஓடும் கரைந்து, தோல் பை மாதிரிச் சரிந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் வைத்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு கல்லூரியில் நான் டெமான்ஸ்ட்ரேட்டர்.

2

அந்த அர்ச்சினை ராமேஸ்வரம் டூரில் பாறை இடுக்கிலிருந்து நானே எடுத்தேன். உயிரோடு இருந்தபோது என் கை நிழல் விழுந்த பக்கமெல்லாம் அதன் முட்கள் திரும்பி நின்றன. அவற்றுக்கு நடுவே ஐந்து பட்டைகளாக நூல் போன்ற குழாய்க்கால்கள் அசைந்தன. வாய் அடிப்பக்கம், அதில் பாறையைச் சுரண்டித் தின்ன ஐந்து பற்கள்.

முள், ஓடு, பல் எல்லாமே சுண்ணாம்பு. கெடாமலிருக்கப் பாட்டிலில் ஊற்றும் ஃபார்மலின் நாள்பட்டால் அமிலமாகும், சுண்ணாம்பை அரித்துவிடும். அமிலத்தை முறிக்கக் கொஞ்சம் போராக்ஸ் போட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிட்டுக்கு மாற்ற வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. போராக்ஸ் கெமிஸ்ட்ரி லேபில் இருந்தது. அங்கிருந்தவரோடு ஒரு தராசு விஷயமாக எனக்கு வாய்த்தகராறு. அவரிடம் போய் நிற்க மனம் வரவில்லை.

அட்டெண்டர் மாரப்பன் முதலிலேயே சொன்னார்: "சாருங்க, அர்ச்சினுக்கு முள்ளு பூராக் கொட்டுதுங்க. ஓடு ஊறுகா மாங்காயாட்ட ஆயிப்போச்சுங்க. ஸ்பிரிட்டுல போட்டறலாமுங்களா?"

"இருக்கட்டும் மாரப்பா. பசங்க எல்லாம் மூடியப் பாத்துத்தான எழுதறாங்க?"

அது உண்மைதான். பதினைந்தாம் நம்பர் பாட்டிலின் மூடி விளிம்பு உடைந்திருக்கும். உடைந்த மூடி என்றால் அர்ச்சின். ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் அப்படித்தான் மனப்பாடம் செய்து வந்தார்கள். வகுப்பில் நான் அதற்காக அவர்களைத் திட்டுவேன்: பாட்டிலைப் பார்க்காதே, உள்ளே கிடப்பதைப் பார்.

3

செல்லத்தாய் ஏலப்பாறைத் தேயிலை எஸ்டேட்டின் லயத்துப் பெண், தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவள். கஞ்சிக்கோட்டில் ஆலை வேலையிலிருந்த சித்தப்பா வீட்டில் தங்கி எங்கள் கல்லூரியில் படித்தாள். பட்டம் வாங்கி வந்தால் எஸ்டேட் பள்ளியில் டீச்சர் வேலை தருவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த லயங்களில் பெண்கள் எல்லோரும் கொழுந்து கிள்ளுகிறவர்கள். அவள் கிள்ள வேண்டாம் என்பதற்காகவே படிக்க அனுப்பியிருந்தார்கள்.

பதினைந்தாம் நம்பருக்கு எல்லோரும் அர்ச்சின் என்று எழுதினார்கள். அவள் மட்டும் கடல் அட்டை என்று எழுதினாள். காரணமும் எழுதியிருந்தாள்: முள் இல்லை, ஓடு இல்லை, மெத்தென்ற தோல், ஐந்து வரிசைக் குழாய்க்கால்கள். ஒரு வரியிலும் தவறில்லை. கடல் அட்டை அர்ச்சினுக்குப் பங்காளி முறைதான். ஓடு போன அர்ச்சின் அதைப் போலத்தான் தெரியும்.

எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் எறணாகுளம் பக்கத்துக்காரர். வைவாவில் இன்னொரு முறை பார்த்துச் சொல்லச் சொன்னார். அவள் பார்த்துவிட்டு அதையே சொன்னாள். திமிர் என்று அவருக்குப் பட்டது. என்னைக் கூப்பிட்டு, இது என்னவென்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

செல்லத்தாய் என் முகத்தைப் பார்த்தாள். டிபார்ட்மெண்ட் தலைவர் பக்கத்தில் நின்றிருந்தார். எனக்கு வேலை நிரந்தரமாகும் ஃபைல் அந்த மாதம்தான் பிரின்சிபால் மேஜைக்குப் போயிருந்தது.

"அர்ச்சின், சார்" என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவுமில்லை. எக்ஸாமினர் வைவா மார்க்கையும் சேர்த்துக் குறைத்தார், பிராக்டிகலில் அவள் தோற்றாள். பள்ளி வேலை வேறு ஒருவருக்குப் போனது.

4

இரண்டு வருடம் கழித்து ஏலப்பாறைக்குப் போனேன். கொழுந்து எடை போடும் ஷெட்டுக்கு வெளியே அவள் மூட்டையோடு வரிசையில் நின்றாள். என்னைக் கண்டதும், "வாங்க சார். மழைல நனையாம இப்படி உள்ள நில்லுங்க" என்றாள்.

ஃபார்மலின், போராக்ஸ், மாரப்பன் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டையைக் கீழே இறக்கிவைத்துக் கேட்டாள்.

"மூடி ஒடஞ்ச பாட்டில்னு எனக்கும் தெரியும் சார். அர்ச்சின்னு எழுதிட்டு வந்திருக்கலாம். நீங்கதான பாட்டிலப் பாக்காதன்னு சொன்னீக."

யூனிவர்சிட்டிக்கு எழுதட்டுமா என்று கேட்டேன்.

"இனி எதுக்கு சார்? கொழுந்து கிள்ள எஸ்டேட் ரிஜிஸ்டர்ல அம்மாவுக்குப் பதிலா எம்பேரப் பதிஞ்சாச்சு."

கங்காணி அவள் பெயரைக் கூப்பிட்டார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு தராசுக்குப் போனாள்.

5

ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வகுப்புக்கும் போராக்ஸ் பற்றிச் சொன்னேன். மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். செல்லத்தாயின் பெயரை மட்டும் ஒருநாளும் நான் சொன்னதில்லை. அவர்கள் அதை ஒரு லேப் குறிப்பு என்றே நினைத்திருப்பார்கள்.

இப்போது லேபில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் பாட்டிலில் இருப்பது கெட்டுப்போயிருந்தால், கெட்டுப்போனது, கெடுத்தது நான் என்று மேஜைக்குப் பக்கத்தில் நின்றே சொல்லிவிடுங்கள். அந்தப் பெண் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொல்ல வேண்டும். பஸ் ஏறி ஏலப்பாறைக்குப் போய்ச் சொல்வதில் ஒன்றுமில்லை.