பத்தரை மணி நேரத்தைக் கையால் கழித்தவன்

“பத்தரை மணி நேரத்தை இனிமே கையால கூட்டறதும் நக்கோ, கழிக்கறதும் நக்கோ.” பேகம்பேட் அலுவலகத்தில் எங்கள் டீம் லீடர் மேடம் இப்படிச் சொன்ன காலைப்பொழுது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப்பெண். கண்டிப்பு வந்தால், ‘வேண்டாம்’ என்பதற்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் நக்கோவும் கூடவே வந்துவிடும்.

அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் நோயாளிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் நேரத்தை நினைவூட்டும் மென்பொருள் எங்களுடையது. பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதியிருந்தோம். இந்திய நேரத்தை அமெரிக்க நேரமாக்க ஒருவர் வெளியே ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு நிரல் தொகுப்பை, அதாவது லைப்ரரியை, பிடித்துக்கொண்டார், இன்னொருவர் வேறொன்றை. நானோ, அவர்கள் நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால்தானே என்று, அதைக் கழித்துவிடும் சின்ன நிரலை நானே எழுதி வைத்திருந்தேன். அதில் எனக்கு அப்படியொரு கர்வம்! கடிகாரத்தைத் தொடாத நாட்டில் பிறந்தவனுக்கு, அங்கே கோடைக்கும் குளிருக்குமாக வருஷத்துக்கு இரண்டு முறை ஊரே முள்ளை ஒரு மணி நேரம் திருப்பும் என்பது மண்டையில் ஏறவில்லை. இரண்டு முறை நோயாளிகள் ஒரு மணி நேரம் தவறிப் போய் நின்றார்கள். இன்னொரு முறை நடந்தால் ஒப்பந்தம் ரத்து என்று கடிதம் வந்தது. அப்படி ரத்தானால் எங்கள் பத்துப் பேருக்கும் வேலை இருக்காது.

மேடம் ஒரே லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு கோப்பாக மாற்றினோம். மின்னஞ்சல் பகுதியில் மட்டும் என்னுடையதைச் சத்தமில்லாமல் விட்டுவைத்தேன். திமிர்தான், வேறென்ன. கடைசி வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை, நீங்களே அழித்துவிடுங்கள் என்றார். முணுமுணுத்துக்கொண்டே அழித்தேன்.

அந்த மார்ச் மாத ஞாயிறு, நமக்குப் பகல் பன்னிரண்டரை ஆனபோது அங்கே கடிகாரம் மாறியது. திங்கட்கிழமைக்கான மின்னஞ்சல்கள் கிளம்பின. ஒன்பது மணி ஒன்பதாகவே போயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கைதட்டினோம்.

எல்லோரும் பிரியாணிப் பொட்டலங்களைப் பிரிக்கப் போனதும் மேடம் என்னைத் தம் மேசைக்கு அழைத்தார். நான் அழித்த நிரலின் பழைய பிரதியை எடுத்துத் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தார். அதில் ஒன்பது மணிக்காரர்கள் அத்தனை பேருக்கும் எட்டு மணி. அதை அழிக்காமல் விட்டிருந்தால் ஒப்பந்தம் போயிருக்கும்.

“விடுங்க, யாருக்கும் தெரிய வேணாம். பிரியாணி ஆறுது” என்று திரையை அணைக்கப் போனார்.

இன்று எனக்குக் கீழே ஒரு பெரிய குழு இருக்கிறது. இந்தப் பெருந்தன்மை எனக்கு வருமா, தெரியவில்லை. அன்று வேலை பிழைத்த சந்தோஷத்தில் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கையைத் தடுத்துவிட்டு, நான் செய்த கூத்தைப் பாருங்கள் என்று எல்லோரையும் நானே கூப்பிட்டேன்.