ஈசான்ய மூலைத் தொட்டி

சித்தூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்குக் கீழே ஒரு செல்லார் உண்டு. சாலையைவிட மனை பள்ளம். மண் கொட்டி நிரப்புவதற்குப் பதில் கீழே ஒரு அறையே எடுத்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். கணவர் குவைத்தில் லாரி ஓட்டினார், நான் இங்கே நின்று கட்டினேன். அதனால் அந்த வீட்டில் நடந்த தப்புகளுக்கெல்லாம் நானே பொறுப்பு. வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. கட்டப் பார்த்தேன், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தொண்ணூறுகளில் தெருவுக்கு ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளி முளைத்துக்கொண்டிருந்தது. பள்ளி என்றால் யூனிஃபார்ம். செல்லாரில் மூன்று தையல் மெஷின் போட்டு, இரண்டு பெண்களைக் கூட வைத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தேன். ஒரு பள்ளி ஜூனுக்கு முழு ஆர்டரும் தருவதாகச் சொல்லிவிட்டது. கணவருடைய அக்ரிமெண்ட் மே மாதத்தோடு முடிகிறது. “தையல் நல்லா ஓடுதுன்னு ஒரு வார்த்த சொல்லு, பொட்டிய கட்டிக்கினு வந்துடறேன். இல்லன்னா இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டாகணும்” என்றார். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவர் ஒரே ஒரு முறை லீவில் வந்தபோது, யாரோ திருடன் என்று அலறியவள் அவள்.

பிப்ரவரியில் செல்லாரின் வடகிழக்கு மூலையில் சுவர் ஓதம் காட்டியது. மார்ச்சில் தரையிலேயே தண்ணீர் நின்றது. ஒரு கட்டுக் காக்கித் துணி அடியில் பூசணம் பூத்துப்போனது. மெஷின் கால்களில் துரு. மேஸ்திரி இரண்டு முறை உள்பக்கம் சிமெண்ட் பூசினார், இரண்டு முறையும் அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது.

அந்த மூலைக்கு நேரே, காம்பவுண்டுச் சுவருக்கு அப்புறம் பக்கத்து வீட்டுப் பாத்ரூம். அவர்கள் தெலுங்குக்காரர்கள். அந்த வீட்டுக்காரியும் நானும் ஒருவரையொருவர் அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம், பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. அவர்கள் வீட்டு டெலிபோன்தான் எங்களுக்கும். வெள்ளிக்கிழமை குவைத்தில் லீவு, அன்றைக்குக் கணவர் அந்த நம்பருக்குத்தான் பேசுவார். இவ்வளவு இருந்தும் என்ன? எனக்குக் கோபம் மூக்கு நுனியில். காம்பவுண்டுச் சுவரோரம் நின்று கத்தினேன்.

“உங்க பாத்ரூம் தண்ணில நாங்க நீச்சல் அடிச்சிக்கினு கீறோம்! நல்லாக் கீதா உங்க நாயம்?”

“மா பாத்ரூம் நீள்ளு காதக்கா அவி” என்றாள் அவள். எங்கள் பாத்ரூம் தண்ணீர் இல்லை அக்கா என்று. நான் விடவில்லை. தெருவே கேட்கிற மாதிரி வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை போனுக்கு என்னைக் கூப்பிடமாட்டாள் என்று நினைத்தேன். பத்து மணிக்குச் சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்தது. “போன்” என்றாள். ஒரே வார்த்தை. நான் போய்ப் பேசி முடிக்கும்வரை சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை இப்படியே. ஒரு வாரம்கூடத் தவறவில்லை அவள். நானாக இருந்தால் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருப்பேன், சத்தியமாக.

மூன்றாவது பூச்சுக்கு மேஸ்திரியோடு ஒரு சித்தாள் வந்தாள். குடிபாலாப் பக்கத்து ஊர்க்காரி, என் வயதுதான் இருக்கும். முதல் நாள் பழைய பூச்சைக் கொத்திப்போட்டார்கள். மூன்றாம் நாள் சிமெண்ட் சட்டியோடு இறங்கியவள், அதைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் நின்ற தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தாள்.

“இன்னாமா, பாத்ரூம் தண்ணின்னா சோப்பு வாசனயாச்சும் வராதா? முந்தாநேத்து நான் வந்தப்போ காஞ்சி கெடந்துது. நேத்து கொழாவுல தண்ணி வுட்டாங்களா?”

விட்டிருந்தார்கள். நாலு நாளைக்கு ஒரு முறை முனிசிபாலிட்டித் தண்ணீர் வரும், வந்ததும் தரைக்கடியில் இருக்கும் தொட்டியை நிரப்பிவிடுவோம்.

“உங்க தொட்டி எங்க கீது?” என்றாள்.

தொட்டி அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருந்தது. மூன்று தலைமுறையாக மிஷன் சர்ச் குடும்பம் எங்களுடையது. நாங்கள் நல்ல நேரம் பார்ப்பதில்லை, ராகு காலம் தெரியாது. ஆனால் வீடு கட்டும்போது, “தண்ணி ஈசான்யத்துலதான் இருக்கணும்மா, நாளைக்கி விக்கணும்னா எவன் வாங்குவான்?” என்று மேஸ்திரி கேட்டார். வடகிழக்கு மூலை என்றால் இந்த ஊரில் சாமி கும்பிடுகிறவன், ஜெபம் பண்ணுகிறவன் எல்லோருக்கும் ஒன்றுதான். பாஸ்டர் வீட்டிலேயே தொட்டி அங்கேதானே என்று தலையாட்டினேன். மனை குறுகல். மூலையில் இடம் போதாமல் செல்லார்ச் சுவரையே தொட்டிக்கும் சுவராக்கினோம். ஒரு சுவர்ச் செங்கல் மிச்சம் என்று நான் சந்தோஷம் வேறு பட்டேன்!

துணிக்குப் போடும் நீலத்தை ஒரு பாட்டில் முழுக்கத் தொட்டியில் கொட்டச் சொன்னாள் சித்தாள். மறுநாள் காலை செல்லாரில் இறங்கினால், சுவரும் தரையும் சேரும் இடத்தில் நீலமாகக் கோடு. அதைப் பார்த்தபோது தண்ணீர் வந்த வழி பிடிபட்ட சந்தோஷத்தைவிடப் பக்கத்து வீட்டுக்காரி முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

தொட்டியைக் காலி செய்தோம். ஆனால் மேஸ்திரி உளியை எடுக்க மாட்டேன் என்றார். ஈசான்யத் தொட்டியில் கொத்தக் கூடாதாம், நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்துத்தான் செய்ய வேண்டுமாம்.

“இப்புடி குடு. ஒழுவற தண்ணி இன்னா நாள் பாத்தா ஒழுவுது?” என்று உளியைப் பிடுங்கிக்கொண்டு சித்தாளே தொட்டிக்குள் இறங்கினாள். அடியில் மூலையோடு நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதைக் கொத்தி அகலமாக்கினாள். அதற்குப் பிறகு மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி, தண்ணீர் விடாத பவுடர் கலந்து இரண்டு பூச்சுப் பூசினார். “கொத்தனா பாவம், பூசனா புண்ணியமா மேஸ்திரி?” என்று அவள் சிரித்தாள். அவள் நன்றாக இருக்க வேண்டும். இன்றைக்கும் ஜெபத்தில் அவளை நினைக்காமல் நான் எழுந்ததில்லை.

பூச்சு இறுகப் பத்து நாள் தொட்டியை நிரப்பக் கூடாது. அது ஏப்ரல். சித்தூர் ஏப்ரலில் தண்ணீர் கேட்பதும் சொத்தைக் கேட்பதும் ஒன்று. தண்ணீர் கேட்க நான் போகவில்லை, மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாசலில் நின்று, “தப்பு என்னுதுக்கா. எங்க தொட்டிதான். வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்” என்றேன்.

அவள் கதவை முழுக்கத் திறந்துவிட்டாள். பிறகு, “தொட்டி காலியா? கொழந்த கீது கதா, தண்ணிக்கி இன்னா பண்ணுவ?” என்று கேட்டாள்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டு போர் தண்ணீர்க் குழாய் சுவர் தாண்டி எங்கள் பக்கம் தொங்கியது. அவர்கள் போரே அரை மணி நேரம் இறைத்தால் காற்று வாங்கும். அதில் பாதி எங்களுக்கு, பத்து நாளும். நான் பேசிய பேச்சுக்கு அவள் செய்தது இது.

பிறகு தொட்டியை நிரப்பிப் பார்த்தோம். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். சுவர் காய்ந்தே இருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. போன் வந்தது, ஓடினேன்.

“இன்னா ஆச்சி? நாளைக்கி கையெழுத்துக் கேக்கறாங்க” என்றார் கணவர்.

வாயைத் திறந்தேன், பேச்சு வரவில்லை. அழுகைதான் வந்தது, அடக்கவே முடியாத அழுகை. அவர் பயந்துவிட்டார். “சரி, சரி, அழாத. தண்ணி ஊறறது நிக்கல, அவ்ளோதான? போவட்டும். நான் கையெழுத்துப் போட்டுடறேன். ரெண்டு வருசந்தான…” என்று சொல்லிக்கொண்டே போனார். இல்லை இல்லை என்று தலையை ஆட்டுகிறேன், போனில் அது எப்படித் தெரியும்?

சமையலறையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். என் கையிலிருந்த ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

“அண்ணா, கையெழுத்து கிய்யெழுத்து ஒண்ணும் போடாத. செல்லார் காஞ்சிப்போச்சி. நேத்து நானே எறங்கி, செவுத்துல கைய வெச்சிப் பாத்தேன். நீ கெளம்பி வா.”