பெயர் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை

வெடிமருந்து வாசனைக்குள் லேசாக நல்லெண்ணெய் வாசனை... அப்பாவின் துப்பாக்கிப் பக்கத்தில் அதை முகர்ந்ததும் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அறுபதுகளின் கடைசி. சூளகிரிப் பக்கம் எங்கள் கேழ்வரகுக் கொல்லை. நான் எட்டாம் கிளாஸ்.

அப்பா வேலை பார்த்த எஸ்டேட் முதலாளி ஊரை விட்டுப் போகும்போது, லைசென்சோடு அப்பா பேருக்கு மாற்றிக் கொடுத்த துப்பாக்கி அது. மேலே குறி பார்க்கிற ஸ்கோப், ஒரு சின்னத் தூரக்கண்ணாடி. இரண்டு இரும்பு வளையங்கள் அதைப் பிடித்திருக்கும்.

"இதுல கை வெச்சே... ஸ்கூலை நிறுத்திட்டு மாடு மேய்க்க விட்டுருவேன்."

அப்பா சும்மா சொல்கிற ஆள் இல்லை. என் கிளாசில் ஐந்து பெண்களில் இரண்டு பேர் ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அப்பா கிருஷ்ணகிரி போயிருந்தார். கலப்பை, அரிவாள், கடப்பாரை எல்லாவற்றையும் கழுவி எண்ணெய் தடவச் சொன்னாள் அம்மா. துப்பாக்கியை மட்டும் விட்டால் சாமி கோபித்துக்கொள்ளாதா? எடுத்தேன். வளையங்களின் ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்கோப்பைத் தூக்கி, உள்ளேயும் நன்றாக எண்ணெய் தடவி, பழையபடி முடுக்கி வைத்தேன்.

பார்க்க அப்படியேதான் இருந்தது.

பத்து நாள் கழித்துக் காட்டுப் பன்றி வந்தது. பக்கத்துக் கொல்லை முனியப்பா மாமாவின் தம்பியைத் தொடையில் கிழித்துப் போட்டது. ஊரே அப்பாவிடம் வந்து நின்றது.

"சனிக்கிழமை சாயந்திரம் துப்பாக்கியோட காவல் உக்கார்றேன்" என்றார்.

அதற்கு முன்னால் ஏரிக்கரை மண்மேட்டில் காலண்டர் அட்டையை நட்டுச் சுட்டுப் பார்த்தார். அட்டையை நடுவதும் எடுத்து வருவதும் என் வேலை.

முதல் நாள் குண்டு வலது பக்கம் போனது. ஒரு காசை வைத்து ஸ்கோப்பின் திருகைத் திருப்பினார். சரியானது. மறுநாள் அதே துப்பாக்கி... இடது பக்கம், மேலே. மறுபடி திருப்பினார். அடுத்த குண்டு வேறெங்கோ.

"ஜீரோ நிக்க மாட்டேங்குது, சரி பண்ணின குறி மறுபடி நகர்ந்துருது. ஒண்ணு ஓசூர் போகுது, ஒண்ணு சாமல்பட்டி போகுது."

"மச்சான், உன் தூரக்கண்ணாடிக்குப் புரை விழுந்துருச்சு. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார் முனியப்பா மாமா. அப்பா சிரிக்கவில்லை.

தோட்டாவை மாற்றிப் பார்த்தார். மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டார். வளைய ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே எண்ணெயில் ஸ்கோப் வழுக்குவது வெளியே எப்படித் தெரியும்...

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்: "எனக்குத்தான் கண்ணு போச்சோ என்னமோ. தப்பிப் போனாக்கூடப் பரவால்ல. அரைகுறையா பட்டுச்சுன்னா, திரும்பி என் மேல வரும்."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

எல்லாரும் தூங்கிய பிறகு சிம்னி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு, மறுநாள் நட வேண்டிய அட்டையின் பின்பக்கம் எழுதினேன். அந்த அரை வெளிச்சத்தில் எழுத்து கோணிக்கொண்டே போனது.

'அப்பா, பூஜைக்கு ஸ்கோப்பைக் கழட்டி வளையத்துக்குள்ள எண்ணெய் போட்டது காவேரி.'

காலையில் கையில் கொடுக்கத் தைரியம் வரவில்லை. எழுத்து மண்மேட்டைப் பார்க்கிற மாதிரி நட்டுவிட்டு ஓடி வந்தேன். மூன்று குண்டில் இரண்டு அட்டையிலேயே படவில்லை. பட்ட ஒன்று... சரியாக என் பெயரில்.

அட்டையை எடுத்துப் போய்க் கொடுத்ததும், பின்பக்கத்தை எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தார் அப்பா. முனியப்பா மாமாவும் எட்டிப் பார்த்தார்.

"எண்ணெய் போட்டது... பேரு இருந்த எடத்துல ஓட்டை விழுந்துருச்சே. யாரு?" என்று கேட்டார் அப்பா.

அண்ணன் பூஜைக்கு பெங்களூரிலிருந்து வந்துவிட்டுப் போயிருந்தான். அவன் பெயரைச் சொன்னால், இல்லை என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நான்தாம்பா" என்றேன்.

அப்பா உட்கார்ந்து ஸ்கோப்பைக் கழற்றினார். வளையத்துக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, உலர விட்டு, முடுக்கினார். இரண்டு முறை திருகைத் திருப்பிச் சரி பார்த்துவிட்டு மூன்று குண்டு சுட்டார். மூன்று ஓட்டையையும் என் உள்ளங்கையால் மூட முடிந்தது.

அன்று சாயந்திரம் அம்மா அடுப்பே பற்ற வைக்கவில்லை. கொல்லைப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. இரண்டாவது கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றோம்... அப்பாவின் இருமல் கேட்கிற வரைக்கும்.

திங்கட்கிழமை நானாகவே போய் மாட்டை அவிழ்த்தேன்.

"எங்கடி ஓட்டிட்டுப் போற? இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?" என்றார் அப்பா.

இப்போது அந்தக் கொல்லையில் கார் பாகம் செய்கிற கம்பெனி நிற்கிறது. துப்பாக்கியை அப்பாவே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். அவரும் இல்லை. என் நோட்டுகளுக்கு வருஷா வருஷம் அட்டை போட்டுக் கொடுத்து, மேலே நான் பேர் எழுதுவதைப் பார்த்தவர் அவர். அந்தக் கோணல் எழுத்து யாருடையது என்று தெரியாமலா கேட்டிருப்பார்? இது எனக்கு உறைக்கவே ரொம்ப வருஷம் ஆனது.

போன ஆயுத பூஜையன்று மகனின் லேப்டாப் கேமரா மேலேயே ஒரு சந்தனப் பொட்டு. மறுநாள் மீட்டிங்கில் அவன் முகமே தெரியவில்லையாம். வீட்டில் ஒரே கத்தல். பேத்தி என் புடவைக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் விரல் நுனியில் சந்தனம் காய்ந்திருந்தது.

"யாரு வெச்சது?" என்று கேட்டுவிட்டு, காத்திருந்தேன்.