பழைய மோட்டார் படகும் பாதிக் காதும்

என் கணவர் படகு வாங்கப் போகிறார் என்பது நகரியில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துபோனதற்கு நான் காரணமில்லை. அவருடைய செல்போன்தான் காரணம். பழைய படகை எப்படிப் பார்த்து வாங்குவது என்று தெலுங்கில் ஒருவர் விளக்கும் வீடியோவை, தினமும் மாலையில் வாசலில் நாற்காலி போட்டு, முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்டார். ஒரே வாரத்தில் தெருவே படகு வாங்கக் கற்றுக்கொண்டது. பூக்காரி மல்லிகையை முழம் போட்டுக்கொண்டே, "அக்கா, அடியில தட்டிப் பாத்துட்டு வாங்குங்க. சொத்தைச் சத்தம் வந்தா வாணாம்" என்றாள்.

சத்தமாக வைத்தது அவர் திமிரல்ல. இருபத்திரண்டு வருடம் பவர்லூம் தறிகளுக்கு நடுவில் நின்றதில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. சித்தூரில் ஒரு காது டாக்டரிடம் காட்டினோம். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு, "இங்க மக்கம் தக்கரிகி போவத்து" என்றார் தெலுங்கில். இனிமேல் தறிப் பக்கமே போகக் கூடாதாம். போனது திரும்ப வராது, மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள், சத்தத்தில் நின்றால் அதுவும் போய்விடும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வெளியே வந்ததும் இவர், "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாவது தடவை சொன்னபோது, வேலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தவர்கள் எல்லோரும் இவருக்காக வருத்தப்பட்டார்கள்.

தறிகளைக் கொழுந்தனாரிடம் விட்டுவிட்டு இவருக்கு வேறு பிழைப்பு தேடினோம். பிச்சாட்டூர் ஏரியின் அக்கரையில் பரிசல்காரர்கள் மீன் பிடிக்கிறார்கள். அதை வாங்கி இக்கரையில் ரோட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் வண்டி ஓடும் என்று யாரோ சொல்ல, இவர் அதையே பிடித்துக்கொண்டார். அதற்குச் சின்னதாக ஒரு மோட்டார் படகு வேண்டும். புதுசுக்கு வழியில்லை. எங்கள் வம்சத்தில் படகு வாங்கியவர் யாரும் கிடையாது, ஏறியவரும் கிடையாது. தொட்டியில் சாயம் கலக்கும் தண்ணீரைத்தான் எங்களுக்குத் தெரியும்.

முதல் படகு வரதய்யபாளையத்தில் ஒரு வீட்டுப் புறக்கடையில் கிடந்தது. உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியைக் கிளப்ப மாட்டேன் என்று அந்த வீட்டு அம்மாள் ஒரே பிடியாக நின்றதால், கோழியைச் சுற்றிச் சுற்றியே படகைப் பார்த்தோம். புதுப் பெயிண்ட் பளபளத்தது. எனக்கு அப்போதே சந்தேகம். அரைகுறையாக நெய்த லுங்கிக்குத்தான் நாங்கள் கஞ்சியைக் கெட்டியாகப் போடுவோம். மோட்டாரை மாட்டும் பின்பலகையில் இவர் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"பலகை உளுத்துப்போச்சிமே!" என்றார். என் காதோடு ரகசியமாகச் சொன்னதாக அவர் நினைப்பு. கோழி எழுந்து ஓடிவிட்டது. அந்த அம்மாள் எங்களுக்கு விட்ட சாபத்தை நான் அவருக்குத் திருப்பிச் சொல்லவில்லை.

இரண்டாவது படகு பிச்சாட்டூரிலேயே, தண்ணீரிலேயே இருந்தது. பதினைந்தடி ஃபைபர் படகு. படகுக்காரர் எங்கள் வயதுக்காரர். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு பேசினார். இவர் பின்பலகையை அழுத்தினார், விரல் போகவில்லை. உள்ளே குனிந்து அடிப்பக்கம் முழுக்க விரல் முட்டியால் தட்டினார். சத்தத்தை நான் கேட்டுச் சொன்னேன். மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காற்றாடியைத் தடவிப் பார்த்தார், முனை உடையவில்லை. பேப்பர்களை நான் படித்தேன். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில் மோட்டார் மூடியின் மேல் கையை வைத்தேன். வெதுவெதுவென்றிருந்தது.

"இது ஏன் சூடா கீது?" என்றேன். ஆறிக் கிடக்கும் மோட்டார் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும், விற்பவர்கள் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள் என்று வீடியோக்காரர் தெருவுக்கே சொல்லியிருந்தார்.

"காலைல அக்கரைக்குப் போய் வந்தேன்க்கா. நிஜங்கா சொல்றேன்" என்றார் படகுக்காரர்.

"அப்ப ஆறட்டும்" என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். மனுஷர் தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து, இரண்டாவது இழுப்பிலேயே மோட்டார் கிளம்பியது. அவர் யோக்கியர்தான்.

மூவரும் ஏறினோம். படகுக்காரர் பின்னால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டார். இவர் நடுவில். நான் முன்பலகையில் இவரைப் பார்த்து உட்கார்ந்தேன். படகு நன்றாகப் போனது. தண்ணீர் கசிகிறதா என்று இவர் கேட்டார். இல்லை என்றேன். மோட்டாரின் பக்கவாட்டில் மூத்திரம் போல ஒரு நீர்க்கோடு விழ வேண்டும், விழுகிறதா என்றார். விழுகிறது என்றேன். உனக்குத் தலை சுற்றுகிறதா என்றார். உங்களைக் கட்டிக்கொண்டதிலிருந்தே சுற்றுகிறது என்றேன். சிரித்தார். ரொம்ப ஆசைப்படுகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள், விலையைக் குறைக்க மாட்டார் என்றேன். சரியென்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். காலையிலிருந்து தொண்டை வறளக் கத்தியவளுக்கு இது பெரிய நிம்மதி. இத்தனை சுலபமாக நாங்கள் பேசி எத்தனையோ காலமாகிவிட்டது. இந்தப் படகைத்தான் வாங்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

நடு ஏரியில் படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார்.

"அக்கா, கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? கரைல அண்ணாகிட்ட அந்தக் கத்து கத்தினீங்க. தண்ணிக்கு வந்ததுலேர்ந்து ரெண்டு பேரும் கையாலயே பேசிக்கினு கீறீங்க. பயந்துட்டீங்களா?"

என் கை அப்போதும் அந்தரத்தில்தான் இருந்தது.

தறிக்கொட்டகையில் யாரும் வாயால் பேச மாட்டார்கள். பேசினால் கேட்காது. நூல் அறுந்தால் இரண்டு விரலால் வெட்டிக் காட்டுவோம், டீ வந்தால் கட்டைவிரல், மற்றதெல்லாம் உதட்டசைவு. கல்யாணமாகி வந்த முதல் மாதமே நானும் கற்றுக்கொண்டேன். சத்தம் காதைப் பிளக்கிற இடத்துக்குப் போனால் எங்கள் வாய் தானாக மூடிக்கொள்ளும், கை தானாக எழும். அது எழுந்ததே எங்களுக்குத் தெரியாது. பின்பலகையைப் பார்த்தோம், காற்றாடியைப் பார்த்தோம், ஒன்றரை மணி நேரம் மோட்டாரை ஆறவைத்தோம். அது போடுகிற சத்தத்தை மட்டும் ரெண்டு பேரும் பார்க்கவில்லை. தறிக்கார வீட்டில் ஒரே ஒரு மோட்டார் ஓடுவதை யார் சத்தமென்று சொல்வார்கள்?

இவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "மோட்டார் சத்தம் எப்டி இருந்துச்சி?" என்று கத்தினேன்.

"சத்தமா? ஒண்ணுமே இல்லயேமே. பஞ்சாட்டம் ஓடுது" என்றார். அத்தனை சந்தோஷமாகச் சொன்னார்.

அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இருக்கிற காதைக் காப்பாற்ற வேண்டுமென்று தறியை விட்டு ஓடிவந்து, நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் ஒரு தறியைக் கட்டிக்கொள்ளப் பார்த்திருக்கிறோம். படகுக்காரர் எதிரில் அழக் கூடாதென்று முன்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். படகு சும்மா மிதந்தது. எங்கள் தெருவில் ராத்திரி ஷிஃப்டும் உண்டு, தறி அடங்கிய நேரமென்று ஒன்று கிடையாது. இங்கே தண்ணீர் பலகையில் மோதுகிற சத்தத்தைத் தவிர எதுவுமே இல்லை.

"பாழாப்போன மோட்டாரு" என்றேன், எனக்கு நானே.

"ஏன், நல்லாத்தானே கீது?" என்றார் இவர், பின்னாலிருந்து.

நான் திரும்பவில்லை. என் உதடு அவருக்குத் தெரிய வழியே இல்லை. கைகள் இரண்டும் முந்தானையில் இருந்தன. அப்படியே இருந்தபடி, மனிதர்கள் பேசுகிற அளவுக்கே பேசினேன்.

"காலைல இன்னா துன்னீங்க?"

"இட்லிதான். சட்னில உப்பே இல்ல" என்றார்.

கண்ணீர் இப்போது நிஜமாகவே இறங்கிவிட்டது. பத்து வருடமாக என் சமையலைப் பற்றி இவர் ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று நினைத்தேன். நான் கேட்டது அவர் காதில் விழுந்தால்தானே சொல்லுவார். மற்றச் சத்தமெல்லாம் அடங்கினால் அந்தப் பாதிக் காதே போதும் போலிருக்கிறது. படகுக்காரர் கரைக்குத் திரும்பலாமென்று மோட்டார் கயிற்றில் கை வைத்தார்.

"அத்தத் தொடாதீங்க" என்றேன். "துடுப்பு கீதா? படகும் துடுப்பும் போதும் எங்களுக்கு. மோட்டார நீங்களே வெச்சிக்கோங்க."

"துடுப்பு போட்டுக்கினு வந்தா கரைக்கு வர்றதுக்குள்ள மீனு நாறிப்பூடும்மே" என்றார் கணவர்.

"நாறட்டும்" என்றேன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக.

"நாறட்டுமா?" என்றார்.