குழியோரத்தில் சொன்ன நன்றி

அண்ணனைக் குழியில் இறக்கியதும் அண்ணி சத்தமாகக் கடவுளுக்கு நன்றி சொன்னாராம். இதை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் அடக்கத்துக்கே போகாதவர். அவருடைய மைத்துனியிடம் யாரோ சொன்னது. "பாரம் இறங்குச்சுன்னு வாய்விட்டே சொல்லிட்டாங்களாம்" என்றார். நான் விடுப்பு கிடைக்காமல் கடல் தாண்டி முடங்கிக் கிடந்தேன். என்னை முந்தி அண்ணன் மகளுக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது. அவள் வேறொரு தேசத்தில் இருக்கிறாள். நிறைமாதம் என்பதால் விமானம் ஏற முடியவில்லை. அன்றிலிருந்து தன் அம்மாவின் அழைப்பை அவள் எடுப்பதில்லை.

நம்பும்படியாக இருந்ததுதான் கொடுமை. அண்ணி மருத்துவமனைத் துணி அறையில் கிழிந்த விரிப்புகளைத் தைப்பவர். நூல் மட்டம், மிஷின் மட்டம், மேற்பார்வையாளர் அதைவிட மட்டம் என்பார். "இவ மோட்சத்துக்குப் போனாலும் வாசப்படி உசரம்னு சொல்லுவா" என்று அண்ணன் சிரிப்பார். பக்கவாதம் அவருடைய பேச்சையும் வலது பக்கத்தையும் கொண்டுபோன பிறகு அந்தச் சிரிப்பும் போயிற்று. மகளிடம் பேசும்போதெல்லாம் அண்ணிக்கு ஒரே பல்லவி: "எனக்கு எப்பதான்டி விடிவு?"

ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து நன்றி சொல்லும் நேரத்தில் அண்ணி தலையைக் குனிந்துகொள்வார். ஒருமுறை போதகரின் மனைவி தோளைத் தொட்டார்.

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கக்கா."

"நீங்க சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் தானா எழுந்து நடக்கிறாருல்ல."

நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு வாரமாகியிருந்தது. கட்டில் விரிப்பில்லாமல் கிடந்தது. ரப்பர் ஷீட்டைச் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தார்கள். நான் கேட்கத் தயங்கியதை அண்ணியே எடுத்தார்.

"நன்றி சொன்னேன் தம்பி. அது பொய்யில்ல."

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் நனைந்த விரிப்பை மாற்றுவாராம், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே. ஒரு நாள் விரிப்பு வரவில்லை. இழுத்தார், திட்டினார், மறுபடி இழுத்தார். பிறகுதான் பார்த்தார்: அண்ணனின் இடது கை கட்டில் கம்பிக்கு எட்டாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அத்தனை காலமும் அந்தக் கம்பியைப் பிடித்து அண்ணன் உடம்பைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அண்ணி, தன் பலத்தில்தான் விரிப்பு வருகிறது என்று நினைத்திருக்கிறார்.

"உதவியும் செஞ்சுக்கிட்டு ஏச்சும் வாங்கியிருக்காரு. அந்தக் கை போன அன்னைக்குத்தான் எனக்குக் கை இருந்ததே தெரியுது."

அதற்குப் பிறகு அண்ணன் இருந்தது கொஞ்ச நாள்தான். ஒரு கரண்டி தண்ணீர் இறங்கினால் அண்ணி அவர் காதருகே குனிந்து கடவுளுக்கு நன்றி சொல்வார். தண்ணீரும் இறங்காமல் போனபோது, கண் திறந்ததற்குச் சொன்னார். முதலில் வாய் கூசியதாம்.

"பழக்கம் விடுமா? நன்றி ஆண்டவரேன்னு சொல்லிட்டு, இன்னும் கொஞ்சம் பாத்துக் குடுத்திருக்கலாம்னும் சொல்லிருவேன்."

குழியோரத்தில் வேறு ஜெபம் எதுவும் வரவில்லை. அந்த 'நன்றி ஆண்டவரே' ஒன்றுதான் வந்தது; பாரம் என்பது கேட்டவர்கள் சேர்த்தது.

"இதை எல்லாருக்கும் சொல்லலாமே அண்ணி."

"மத்தவங்க என்னமும் பேசட்டும். புள்ளைக்குத் தெரியணும். அவ மேல தப்பில்ல தம்பி. வருஷக்கணக்கா விடிவு விடிவுன்னு அவ காதுல ஓதினது நான்தானே?"

"என் போன்ல போடுறேன். சித்தப்பான்னு எடுப்பா."

"வேணாம். ஏமாத்தி எடுக்க வைக்கக்கூடாது."

தன் போனையே எடுத்து எண்ணை அழுத்தி, மேஜைமேல் வைத்தார். ஸ்பீக்கரில் மணி கேட்டது.

"எடுத்தா என்ன சொல்லப்போறீங்க?"

"அப்பாவோட கையைப் பத்தி. வேற எதுவும் சொல்ல மாட்டேன். என் கஷ்டத்தை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

மணி போய்க்கொண்டே இருந்தது. நான் கட்டிலைப் பார்த்தேன், பிறகு ஜன்னலை.

"பிளாக் பண்ணல பாரு" என்றார் அண்ணி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் அடிக்குது."